புலிக்குட்டிக்கு எங்கே பூ வைப்பது?

முதல் புலிக்குட்டியைப் பின்னி முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதுதான் குறை என்று விரல் வைத்துச் சொல்ல பொம்மையில் ஒன்றும் இல்லை. ஆரஞ்சு உடம்பு, கறுப்புக் கோடு, வயிற்றுப் பக்கம் வெள்ளை, வலது காதோரம் ஐந்து இதழில் ஒரு மஞ்சள் பூ. அக்கா மகள் கையில் வாங்கியதும், "சித்தி, கடையில வாங்கின மாதிரியே இருக்கு" என்றாள். மனம் நிறைந்துதான் சொன்னாள். எனக்கு அந்தச் சொல்தான் முள்ளாகத் தைத்தது. கடையில் வாங்கியது போல இருக்க வேண்டும் என்றால் கடையிலேயே வாங்கியிருக்கலாமே, எதற்கு மூன்று வாரம் கண்ணை வருத்தி உட்கார்ந்தோம் என்று தோன்றியது. மறுநாளும் அந்த எண்ணம் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. அடுப்படியில் நிற்கும்போதும், கோயிலுக்கு நடக்கும்போதும், அந்தப் பூ அந்தக் காதில் சும்மா உட்கார்ந்திருப்பது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

அவள் மகளுக்கு முதல் பிறந்தநாள் வரவிருந்தது. பாப்பா பிறந்தது சித்திரை முதல் நாளுக்கு மறுநாள், திங்கட்கிழமை. இங்கே பர்மாவில் ஒருவர் பிறந்த கிழமை என்ன என்பது அவர் பெயர் என்ன என்பதற்குச் சமமான கேள்வி. ஞாயிறுக்குக் கருடன், திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம், புதன் காலைக்குத் தந்தமுள்ள யானை, புதன் மதியத்துக்கு மேல் தந்தமில்லாத யானை, வியாழனுக்கு எலி, வெள்ளிக்குக் கினிப்பன்றி, சனிக்கு நாகம். ஏழு கிழமைக்கு எட்டு விலங்கு, எட்டுத் திசை. நாங்கள் காளி கோயிலுக்கும் போவோம், ஷ்வேடகோன் புத்தர் கோயிலுக்கும் போவோம். ரங்கூன் தமிழர் வீடுகளில் இது இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் விஷயமே இல்லை. பாப்பாவை முதல்முறை ஷ்வேடகோனுக்குத் தூக்கிப் போனபோது, கிழக்குப் பக்கம் திங்கட்கிழமைக்கு உரிய இடத்தில் புத்தர் சிலைக்கு நீர் ஊற்றினோம். கீழே சின்னதாக ஒரு புலி. "பாப்பா, பார், உன் புலி" என்று அவள் அம்மா காட்டினாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், பிறந்தநாளுக்கு என் கையால் ஒரு புலிக்குட்டி.

பூவும் அன்றே முடிவானதுதான். சித்திரையில் பிறந்த பிள்ளைக்கு இங்கே வேறு பூ எது? படௌதான். வருடம் முழுக்கச் சும்மா நிற்கும் மரம், சித்திரையை ஒட்டி ஒரு மழை விழுந்ததும் ஒரே இரவில் உச்சி முதல் அடி வரை மஞ்சளாகிவிடும். மறுநாள் சாயங்காலத்துக்குள் எல்லாம் உதிர்ந்துவிடும். அந்த ஒரு நாளில் ஊரே அதைப் பறித்துத் தலையில் வைத்துக்கொள்ளும், பூஜை மாடத்தில் வைக்கும், பஸ் முன்கண்ணாடியில் செருகும். திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவும் நம் வருடப் பிறப்பும் ஒரே வாரத்தில் வருவதால், எனக்குச் சின்ன வயதிலிருந்தே புத்தாண்டு என்றால் மாங்காய்ப் பச்சடி வாசமும் படௌ வாசமும் சேர்ந்ததுதான்.

ஒட்டவைத்த பூ

பூவையும் விலங்கையும் சேர்த்துப் பின்னும் பொம்மைகள் இப்போது எங்கே பார்த்தாலும் கண்ணில் படுகின்றன. டூலிப் பூவைத் தலையில் கவிழ்த்துக்கொண்ட முயல், டெய்ஸி மாலை போட்ட பசு, முதுகில் ரோஜா சுமக்கும் ஆமை. அமிகுருமி என்று ஜப்பான்காரர்கள் பெயர் வைத்த வகை இது. அடியில் மாய வளையம் என்று சொல்லும், இழுத்தால் மூடிக்கொள்ளும் நூல் வளையம் ஒன்று போட்டு, அதில் 6 கண்ணி எடுத்து, அடுத்த சுற்றில் 12, அப்புறம் 18, 24 என்று சுற்றுக்கு ஆறாறு கூட்டிக்கொண்டே போனால் தட்டையாக ஒரு வட்டம் வரும். கூட்டுவதை நிறுத்திவிட்டு அப்படியே சுற்றினால் கிண்ணமாகும். திரும்ப ஆறாறாகக் குறைத்தால் உருண்டை மூடிக்கொள்ளும். முயலும் பசுவும் ஆமையும் எல்லாம் இந்த ஒரே உருண்டையின் பிள்ளைகள்தான். குரோஷே என்கிற கொக்கி ஊசிப் பின்னல் தெரிந்தவர்களுக்கு இது அரிச்சுவடி, ஆனாலும் எத்தனை முறை செய்தாலும் தட்டை கிண்ணமாக எழும் அந்த இடத்தில் எனக்குள் ஒரு மகிழ்ச்சி வந்துவிடும்.

அந்தப் பொம்மைகளை மறுபடி எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எது மனதுக்கு ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை என்று பார்த்தேன். சூரியகாந்திச் சிங்கம் என்று ஒன்று உண்டு. சிங்கத்தின் முகத்தைப் பழுப்பில் பின்னி, சுற்றிலும் பிடரிமயிருக்குப் பதிலாக மஞ்சள் இதழ்களை அடுக்கியிருப்பார்கள். அதைப் பார்த்தால் சிங்கம் எது, பூ எது என்று பிரிக்க முடியாது. இதழை எடுத்துவிட்டால் சிங்கம் போய்விடும். டெய்ஸி மாலை போட்ட பசுவுக்கு மாலையைக் கழற்றினாலும் பசு பசுவாகவே இருக்கும். இந்த வித்தியாசம் பிடிபட்டபோது என் புலிக்குட்டியிடம் என்ன குறை என்பதும் பிடிபட்டது. அதன் காதில் இருந்த பூவை வெட்டி எடுத்தால் அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை. பாப்பா ஒரு நாள் தாமதித்துச் செவ்வாய்க்கிழமை பிறந்திருந்தால் சிங்கம் கிடைத்திருக்கும், சூரியகாந்தி வழியைப் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். புலிக்கு ஏது பிடரி?

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டு அப்வா வந்தார். பர்மியப் பாட்டி, எண்பது தாண்டியவர், எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் அப்வாதான். வாழைப்பழம் கொடுக்க வந்தவர் மேசைமேல் இருந்த பொம்மையை எடுத்தார். காது, வால், கால் எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தார். நல்லா இருக்கிறது என்றார். அப்புறம் காதோரப் பூவைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே, இது என்ன பூ என்று கேட்டார். படௌ என்றேன். "படௌவா?" என்று இன்னொரு முறை பார்த்தார். படௌவுக்கு இதழ் இப்படி வழுவழுவென்று வட்டமாக இருக்காதே, பட்டுத் துணியைக் கசக்கிவிட்ட மாதிரி அல்லவா இருக்கும் என்று பர்மியில் சொல்லிவிட்டு, பொம்மையை இருந்த இடத்திலேயே வைத்தார். அவர் குற்றம் சொல்லவில்லை. தனக்கு எண்பது வருடமாகத் தெரிந்த பூவைப் பற்றிச் சொன்னார், அவ்வளவுதான்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. படௌ அவரை, அகத்தி வகையைச் சேர்ந்த பூ. ஒரு பெரிய இதழ் மேலே விரிந்து நிற்கும், இரண்டு சிறகு பக்கத்தில், இரண்டு சேர்ந்து உள்ளே படகு போலக் குவிந்திருக்கும். எல்லாமே ஓரம் சுருங்கி நெளிந்து கிடக்கும். கொத்துக் கொத்தாகத்தான் பூக்கும், ஒற்றைப் பூவாகப் பார்ப்பதே அரிது. பின்னல் மாதிரிகளில் கிடைக்கும் "ஐந்து இதழ்ப் பூ" உலகத்தில் உள்ள எல்லாப் பூவுக்கும் பொதுவாகப் போட்டுவிடும் ஒரு முத்திரை. நான் அதற்கு மஞ்சள் நூல் கோத்து, படௌ என்று பெயர் மட்டும் வைத்திருந்தேன்.

இன்னொரு கவலையும் இருந்தது. முதல் பொம்மைக்கு, உள்பக்கம் பூட்டு மாட்டும் பிளாஸ்டிக் கண் வைத்திருந்தேன். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அது ஆகாது, பின்னல் தளர்ந்தால் பூட்டோடு சேர்ந்து பிடுங்கி வந்துவிடும். ஒட்டவைத்துத் தைத்த பூவும் அதே கதைதான். பாப்பா எதைக் கொடுத்தாலும் முதலில் வாய்க்குத்தான் கொண்டுபோவாள். உள்ளே அடைத்திருந்தது பழைய தலையணையில் எடுத்த இலவம் பஞ்சு. எங்கள் வீட்டில் தலையணை என்றால் இலவம் பஞ்சுதான், அதனால் யோசிக்காமல் அடைத்துவிட்டேன். குழந்தையின் எச்சில் பட்டு நனைந்தால் அது கட்டி கட்டியாகத் திரண்டுவிடும், இங்கே மழைக்காலத்தில் காயவும் காயாது. ஆக, அழகைத் தள்ளி வைத்தாலும் அந்தப் பொம்மையை அவள் கையில் கொடுக்க எனக்கு மனம் இல்லை. அதை அலமாரியில் எடுத்து வைத்துவிட்டேன். பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருந்தது.

ஆட்டுக்கல்

எங்கள் வளவில் மதிலோரமாக ஒரு படௌ மரம் நிற்கிறது. அதன் அடியில் பாட்டி காலத்து ஆட்டுக்கல் கிடக்கிறது. கிரைண்டர் வந்தபிறகு அதை யாரும் தொடுவதில்லை. 1964இல் கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆனபோது எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் கப்பலேறினார்கள். கல்லைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று போனவர்கள் விட்டுப்போன கல் அது. குழவியை யாரோ வாங்கிப்போய்விட்டார்கள். குழியில் மண் நிறைந்து, மேலெல்லாம் கறுத்து, உருண்டையாக, யானைக்குட்டி படுத்திருப்பது போல இருக்கும்.

ஏழு நாள் இருக்கையில் ராத்திரி இடியோடு மழை. அந்த வருடத்தின் முதல் மழை. விடிந்ததும் வாசமே எழுப்பிவிட்டது. மரம் முழுக்கப் பூத்திருந்தது. பறித்து வைத்துக்கொண்டு இதழைப் பிரித்துப் பார்த்து, அதே மாதிரி பின்னிவிடலாம் என்று கத்தரிக்கோலோடும் கூடையோடும் இறங்கினேன். அன்று பகல் முழுக்கக் கொத்துகளை மடியில் வைத்துக்கொண்டு நாலைந்து விதமாகப் பின்னிப் பார்த்தேன். ஒன்றும் திருப்தியாக வரவில்லை. ஒரு பூவை அச்சு அசலாகப் பின்னினாலும், திரும்பவும் அதே கேள்விக்குத்தான் வந்து நின்றேன். சரி, இதை எங்கே வைப்பது? காதிலா, கழுத்திலா?

மறுநாள் காலை பெருக்கப் போனபோதுதான் அது கண்ணில் பட்டது. பூவெல்லாம் இரவோடு உதிர்ந்திருந்தது. தரையெங்கும் மஞ்சள். ஆட்டுக்கல் மேலேயும் உதிர்ந்திருந்தது, ஆனால் கல் முழுவதும் மூடவில்லை. மழைநீர் வழிந்த இடங்களில் பூக்கள் நகர்ந்து, வரிவரியாக ஒதுங்கி ஒட்டியிருந்தன. கறுப்புக் கல்லில் மஞ்சள் வரி. விளக்குமாற்றோடு அப்படியே நின்றுவிட்டேன். ஒரு புலிக்குட்டி முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது.

நான் தமிழ் படித்தது கோயில் மண்டபத்தில், மாலை வகுப்பில். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தமிழ் கிடையாது. அங்கே சொல்லிக்கொடுத்த வாத்தியார் பாடப் புத்தகத்தில் இல்லாத பாட்டெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போடுவார். அதில் ஒன்று குறுந்தொகையின் 47ஆம் பாட்டு. கரிய அடிமரத்தை உடைய வேங்கையின் பூக்கள் உதிர்ந்து கிடக்கும் குண்டுக்கல், புலிக்குட்டி போலத் தோன்றும் காடு. அந்தக் காட்டு வழியாக இரவில் காதலன் வரவேண்டும். நிலவே, நீ இப்படி வெள்ளையாகக் காய்ந்தால் அவன் எப்படி மறைந்து வருவான் என்று தோழி நிலவைக் கடிந்துகொள்வாள். அன்றைக்குப் பாட்டின் பொருள் எனக்குப் பெரிதாகப் பிடிபடவில்லை. வாத்தியார் அப்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "வேங்கைன்னா வேற எதுவும் இல்ல, இந்த மரத்தோட அக்கா" என்று வெளியே நின்ற படௌவைக் காட்டியது மட்டும் மனதில் நின்றது.

அவர் சொன்னது உண்மை. தமிழ்நாட்டு மலைகளில் உள்ள வேங்கையும் இங்கே உள்ள படௌவும் டெரோகார்பஸ் என்ற ஒரே பேரினத்துப் பிள்ளைகள். செம்மரமும் அவர்களோடு பிறந்ததுதான். இரண்டுக்கும் பட்டையில் வெட்டுப் பட்டால் இரத்தம் போலச் சிவப்பாகப் பால் வடியும். அந்த வேங்கைப் பாலில்தான் ஊரில் குழந்தைக்கு வைக்கும் கறுப்புச் சாந்துப் பொட்டு செய்வார்கள். தமிழில் மரத்துக்கும் வேங்கை என்று பெயர், புலிக்கும் வேங்கை என்று பெயர். இவ்வளவு நாள் தனித்தனியாகத் தெரிந்த சங்கதிகள். மலையில் வேங்கைப் பூ பறிக்கும் பெண்கள் "புலி, புலி" என்று கூவுவார்களாம், அந்தச் சத்தம் கேட்டு ஊர்க்காரர்கள் வில்லோடு ஓடி வருவார்களாம் என்று இன்னொரு பாட்டுக்கும் அதே வாத்தியார் கதை சொல்லியிருக்கிறார். பூவும் புலியும் நம் மொழியில் முன்பே ஒன்றாகத்தான் இருந்திருக்கின்றன. நான்தான் புலியைத் தனியாகவும் பூவைத் தனியாகவும் பின்னிவிட்டு, எங்கே ஒட்டுவது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அன்று காலை வாசல் பெருக்கவில்லை. அப்படியே உள்ளே வந்து நூல் டப்பாவைத் திறந்தேன். ஆரஞ்சு நூலை ஒதுக்கினேன். கறுப்பை எடுத்தேன்.

கறுப்பு நூலும் ஆறு நாளும்

தெயின்ஜி சந்தைப் பக்கம் நூல் விற்கும் அம்மாவிடம் கறுப்புப் பருத்தி நூல் இன்னும் மூன்று கண்டு வாங்கினேன். குழந்தைக்கா, கறுப்பா என்று கேட்டார். ஆமாம் என்றேன். 2.5 மில்லிமீட்டர் கொக்கி ஊசி. நூல் உறையில் இன்னும் பெரிய ஊசிதான் போட்டிருக்கும், ஆனால் பொம்மைக்கு எப்போதும் ஓரிரு அளவு சின்ன ஊசி எடுக்க வேண்டும். கண்ணி நெருக்கமாக இருந்தால்தான் உள்ளே அடைத்தது வெளியே எட்டிப் பார்க்காது.

உடம்பு வழக்கம் போலத்தான். ஏழாவது சுற்றில் 42 கண்ணி, அதன்பிறகு கூட்டாமல் நேராக. மாற்றம் 9ஆம் சுற்றில் வந்தது. பின்னல் சுற்றில் ஒவ்வொரு கண்ணியின் தலையிலும் இரண்டு இழை இருக்கும், முன்னிழை ஒன்று, பின்னிழை ஒன்று. சாதாரணமாக ஊசியை இரண்டுக்கும் அடியில் கொடுத்து எடுப்போம். நான் 9, 12, 15, 18 ஆகிய சுற்றுகளில் பின்னிழையில் மட்டும் ஊசி கொடுத்தேன். அப்போது முன்னிழைகள் சும்மா வெளியே வரம்பு போல நிற்கும். நாலு சுற்றுக்கு நாலு வரம்பு. உடம்பை மூடுவதற்கு முன்னால், அந்த வரம்பு இழைகளில் மஞ்சள் நூலைக் கோத்து, உடம்பின் மேலேயே இதழ்களைப் பின்னலாம். தனியாகப் பூ செய்து தைக்கும் வேலையே இல்லை. பூவின் வேர் உடம்பிலேயே இருக்கும்.

இதழுக்குத்தான் அப்வாவின் வார்த்தை உதவியது. கசக்கிவிட்ட பட்டு. ஒரு இழையில் ஒரு பின்னல் போட்டால் துணி தட்டையாக வரும். அதே இழையில் நாலு பின்னலைத் திணித்தால், பரந்து நிற்க இடம் இல்லாமல் நூல் தானாக நெளிந்துகொள்ளும். ஒரு சங்கிலி போட்டு, அதே இழையில் நாலு அரைக்கம்பப் பின்னல், ஒரு சங்கிலி, திரும்ப அதிலேயே இறக்கிவிட்டு அடுத்த இழைக்குத் தாவுதல். ஊசியை எடுத்துவிட்டுப் பார்த்தால் ஓரம் சுருண்டு, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, மடியில் கிடந்த வாடிய கொத்தில் இருந்ததைப் போலவே இருந்தது. அந்த முதல் ஐந்து இதழையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்து நாளாக மனதில் கிடந்த பாரம் அந்த இடத்தில்தான் இறங்கியது.

முதல் வரியை ஐந்து இதழ், இரண்டு இடைவெளி, ஐந்து இதழ், இரண்டு இடைவெளி என்று கணக்காகப் போட்டேன். வேலி அடைத்தது போல இருந்தது. புலிவரிக்கும் உதிர்ந்த பூவுக்கும் அப்படிக் கணக்கு கிடையாது. பிரித்துவிட்டேன். வெளியே போய் ஆட்டுக்கல்லை இன்னொரு தரம் பார்த்தேன். பூக்கள் பழுப்பாகியிருந்தாலும் ஒட்டிய இடம் மாறவில்லை. முதுகுப் பக்கம் அடர்த்தியாகவும், விலாவில் வரவரக் குறைந்தும், ஓரிடத்தில் ஒன்றே ஒன்று தனியாகவும் கிடந்தன. அதைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். வயிற்றுப் பக்கம் ஒரு இதழும் இல்லாமல் விட்டுவிட்டேன், குழந்தை கட்டிப் பிடிக்கும் பக்கம் வழுவழுப்பாக இருக்கட்டும் என்று. எண்ணிப் பார்த்தபோது உடம்பில் மட்டும் 83 இதழ். வாலுக்கும் நெற்றிக்கும் தனி.

கறுப்பு நூலில் வேலை செய்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். கண்ணி கண்ணுக்கே தெரியாது. எங்களுக்கு மின்சாரம் முறை வைத்துத்தான் வரும், சாயங்காலம் வராத நாளில் பேட்டரி விளக்கு ஒன்றுதான் கதி. அந்த வெளிச்சத்தில் கறுப்பு நூல் ஒரே இருட்டாக இருக்கும். இரண்டாம் நாள் இரவு ஒரு சுற்றில் 42க்குப் பதில் 39 வந்தது. எங்கே மூன்று விட்டேன் என்று தெரியாமல் பாதிச் சுற்றைப் பிரித்தேன், திரும்பவும் 41. கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். மடியில் வெள்ளைத் துண்டை விரித்துக்கொண்டால், ஊசி நுழையும் ஓட்டையின் வழியாக வெள்ளை தெரியும், அதை வைத்து எண்ணிவிடலாம். அதற்கு மேல் நகத்தால் தடவித் தடவி எண்ணினேன். கண்ணி கூட்டும், குறைக்கும் சுற்றுகளைப் பகலில் வைத்துக்கொண்டு, நேராகப் போகும் சுற்றுகளை இரவுக்கு ஒதுக்கினேன். சுற்றின் ஆரம்பத்தில் கண்ணிக்கு அடையாளமாக ஒரு சிவப்பு நூல் துண்டு. இந்த நாலும் இல்லாவிட்டால் ஆறு நாளில் முடிந்திருக்காது.

அடைக்கும்போது அடுத்த சிக்கல். இந்தத் தடவை தலையணைக் கடையில் துவைக்கக்கூடிய பாலியஸ்டர் பஞ்சு வாங்கி வைத்திருந்தேன். வெள்ளைப் பஞ்சு, கறுப்பு உடம்பு. பின்னிழையில் மட்டும் எடுத்த சுற்றுகள் மற்றச் சுற்றுகளைவிடக் கொஞ்சம் இளகும், அந்த இடங்களில் வெள்ளை புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. பழைய கறுப்பு உள்பாவாடைத் துணியில் உடம்பு அளவுக்கு ஒரு பை தைத்து, பஞ்சை அதற்குள் திணித்து, பையோடு உள்ளே இறக்கினேன். புள்ளிகள் மறைந்தன. இன்னொரு நன்மையும் உண்டு. என்றாவது பின்னல் அறுந்தாலும் பஞ்சு குழந்தையின் வாய்க்குப் போகாது. இதை நான் எந்த மாதிரியிலும் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் முதல் பொம்மையிலேயே செய்திருப்பேன். கறுப்பு நூலில் பின்னும் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கண்ணுக்குப் பிளாஸ்டிக் வேண்டாம் என்று மஞ்சள் நூலால் வட்டமாகத் தையல், நடுவில் வெள்ளைப் புள்ளி. இங்கே சந்தைகளில் ஸீக்வெட் என்று காகிதக் கூழில் செய்த ஆந்தை ஜோடி விற்பார்கள், பொன் பூசி, கண்ணை வட்ட வட்டமாகப் பெரிதாக எழுதியிருப்பார்கள். அதிர்ஷ்டத்துக்கு வீட்டில் வைப்பது. அந்தக் கண் எனக்குப் பிடிக்கும். அந்த அளவுக்குப் பெரிதாகவே தைத்தேன். நெற்றியில் மூன்று இதழ் மட்டும். காது, கால் நாலையும் உடம்போடு தைக்கும்போது ஒவ்வொன்றையும் இரண்டு சுற்றுத் தைத்தேன். நூல் முனைகளை உள்பக்கமாக மூன்று திசையில் ஓட்டி, ஒவ்வொரு வரியாகப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஒரு வரியின் இதழ்கள் எல்லாம் ஒரே நூலில் தொடராகப் போவதால் தனியாக ஒரு இதழ் பிய்ந்து வர வழியில்லை. என் பலம் முழுக்கக் கொடுத்து இழுத்தேன். வரவில்லை. கடைசியாகச் சோப்புத் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டேன். மஞ்சளில் கறுப்புச் சாயம் ஏறிவிடுமோ என்று காயும் வரை பக்கத்திலேயே நின்றேன். ஏறவில்லை.

அக்கா மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தவள் கொடியைப் பார்த்துவிட்டு நின்றாள். "சித்தி, அந்த ஆரஞ்சுப் புலி என்னாச்சு?" என்றாள். அலமாரியில இருக்கு, அது நீ வச்சுக்கோ, இது பாப்பாவுக்கு என்றேன். கிட்டே வந்து தொட்டுப் பார்த்தாள். கறுப்பு வேண்டாம், சகுனம் சரியில்லை என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொடியில் தொங்கியதை ஒரு முறை, மதிலோரம் கிடந்த ஆட்டுக்கல்லை ஒரு முறை பார்த்தாள். "இதுவா?" என்றாள். அவளும் அதே வளவில் பிறந்து வளர்ந்தவள்தானே. அந்தக் கல்லில் பூ உதிர்ந்து கிடப்பதை என்னைவிட அதிகமாகவே அவள் பார்த்திருப்பாள்.

பிறந்தநாள் அன்று பாப்பாவுக்குத் தலைக்கு ஊற்றி, கன்னத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசி, நெற்றியிலும் கன்னத்திலும் கறுப்புப் பொட்டு வைத்து, கூடத்தில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். புலிக்குட்டியை மடியில் வைத்தேன். முதலில் காதைப் பிடித்தாள். அப்புறம் கவிழ்த்துப்போட்டு முதுகில் இரண்டு கையையும் வைத்து, இதழ்களுக்கு நடுவில் விரலை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தாள். தெருவில் பிள்ளைகள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கத்தும் சத்தம். அப்வா நனைந்த லுங்கியோடு வாசலில் வந்து நின்றார். கண்ணாடி போட்டிருக்கவில்லை. வெளி வெயிலிலிருந்து வந்தவருக்குக் கூடம் இருட்டாகத்தான் தெரிந்திருக்கும். பாப்பாவின் மடியைப் பார்த்ததும், "ச்யா!" என்றார். புலி.

உள்ளே வந்தார். பாய் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தார். குனிந்து பார்த்தார். கட்டைவிரலை எடுத்து, அன்றைக்குப் போலவே, முதுகில் ஒரு இதழின் ஓரத்தைத் தடவினார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"படௌ" என்றார்.

பாப்பா வாலை வாயில் வைத்துக் கடிக்கத் தொடங்கியிருந்தாள்.